கொட்டகையில் நின்ற எம்.ஜி.

நகர நிர்வாக அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தபோது விஜயகுமாரிக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் அனுமதியில்லாமல் போட்ட கீற்றுக் கொட்டகையைப் பதினைந்து நாளில் பிரிக்க வேண்டும், உள்ளே நிற்கும் வண்டியை அப்புறப்படுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. பதினைந்து வருடமாக அவள் வாய் வலிக்கச் சொன்னதைத்தான் யாரோ ஒழுங்காக டைப் அடித்து அனுப்பியிருந்தார்கள்.

அந்த வண்டி ஒரு பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர்தான் உட்காரலாம். அவள் கணவர் மாடசாமியும் அவருடைய சிநேகிதர் ராஜாங்கமும் சென்னையில் வேலை பார்த்த காலத்தில், ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடம் கூட்டாக வாங்கியது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கிளப்காரர்கள் நடத்திய பந்தயங்களில் நாலு வருடம் ஓட்டினார்கள். பிறகு இருவருக்கும் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. 1967இல் லாரியில் வந்து இறங்கிய கார், அதற்கப்புறம் ஒரு அடி நகரவில்லை.

பேச்சுதான் ஓடியது. பக்கத்து பிளாக்கில் குடியிருந்த ராஜாங்கம், ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளை நேராக இங்கே விட்டுவிடுவார். எதில் ஆரம்பித்தாலும் 1964ஆம் வருடக் கடைசிச் சுற்றில்தான் போய் முடியும்.

"பிரேக் இடது பக்கம் இழுத்துச்சுடா. முந்தின நாள் அதை அட்ஜஸ்ட் பண்ணினது யாரு?" என்பார் மாடசாமி.

"இழுக்குதுன்னு தெரிஞ்சப்புறம் மூணாவது கியருக்கு வந்திருக்கணும். நாலாவதுலயே வளைச்சா? முதல்ல வந்துக்கிட்டிருந்த வண்டிய வளைவுல வச்சிருந்த டிரம்முல கொண்டுபோய் முட்டினே."

"முட்டலைடா, உரசிச்சு."

விஜயகுமாரி அதை நேரில் பார்த்தவள். அப்போது கல்யாணமாகி நாலு மாதம். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். கார் சுழன்றது, புழுதி எழுந்தது, பின்னால் வந்த நாலு கார்கள் தாண்டிப் போயின. அவ்வளவுதான். இதில் பதினெட்டு வருடம் பேச என்ன இருக்கிறது?

கடிதத்தைப் படித்துவிட்டு இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தள்ளிக்கொண்டு போனால் மரியாதையில்லை, ஓட்டிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். முதல் சனிக்கிழமையே இரண்டு கார்பரேட்டரையும் கழற்றினார்கள். பள்ளிக்கூடம் விட்டு அவள் வந்தபோது அவை இட்லிச் சட்டியில் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன.

"என்னங்க இது?"

"அகலமான பாத்திரம் வேற கிடைக்கலை" என்றார் மாடசாமி.

அவள் பையை வைக்க உள்ளே போய்விட்டாள். சொல்லத் தொடங்கினால் நிறுத்த முடியாது என்று பயந்தாள்.

அடுத்த ஒரு வாரமும் அதே கதைதான். ஒரு போல்ட்டைக் கழற்றுவார்கள். அது எங்கே வாங்கியது, எந்தப் பந்தயத்தில் மாற்றியது என்று தொடங்கும். டீ கேட்பார்கள். இருட்டிவிடும். ராஜாங்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். கழற்றிய போல்ட் சமையலறை ஜன்னலில் கிடக்கும்.

பன்னிரண்டாம் நாள் அவள் தன் வகுப்புப் பெண் ஒருத்தியிடம், "நாளைக்கு உங்க அப்பாவை வரச் சொல்லும்மா" என்றாள். அந்தப் பெண்ணின் அப்பா கொளஞ்சிநாதன் பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரர். சுரங்கத்து டம்பர் லாரிகளைப் பழுது பார்க்கும் இடத்தில் கான்ட்ராக்ட் மெக்கானிக்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஒரு பேட்டரியையும் பெட்ரோல் டின்னையும் காற்றடிக்கும் பம்பையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். பானெட்டைத் திறந்து குனிந்தார். ராஜாங்கம் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அறுபத்திரண்டுல ஒரு தடவை இப்படித்தான்..." என்று ஆரம்பித்தார்.

"அது அறுபத்து மூணுடா" என்றார் மாடசாமி.

கொளஞ்சிநாதன் நிமிர்ந்தார். "டீச்சர், இவங்க பேசிகினே இருந்தா நான் எப்படிங்க பாக்கறது?"

"அண்ணே, நீங்க உள்ள போங்க. நீங்களும்தான். நான் கூப்பிடற வரைக்கும் வெளியில வரக்கூடாது." ராஜாங்கத்தையும் கணவரையும் பார்த்து வகுப்பில் பேசும் குரலிலேயே சொன்னாள். இருவரும் போனார்கள்.

முக்கால் மணி நேரத்தில் அவர் ஒரு குழாயைக் கழற்றித் தட்டினார். கட்டி கட்டியாக மண் கொட்டியது.

"குளவி கூடு கட்டிகினு இருக்குதுங்க. பெட்ரோலே வராதப்ப கார்பரேட்டரை இன்னா கழுவி இன்னா?"

கழற்றிப் போட்டதையெல்லாம் அவரே திரும்ப மாட்டினார். பதினோரு மணிக்கு என்ஜின் இருமியது, புகைந்தது, பிறகு சீராக உறுமியது. பிளாக்கிலிருந்த குழந்தைகளெல்லாம் வேலியோரம் வந்து நின்றன. மாடசாமியும் ராஜாங்கமும் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் காருக்கு இரண்டு பக்கமும் நின்றார்களே தவிர, யாரும் கதவைத் திறக்கவில்லை.

"நீ எடுடா" என்றார் மாடசாமி.

"நீதானே டிரைவர். நீ எடு."

"இல்ல, பிரேக் உன் பொறுப்பு. நீயே பாரு."

ஐந்து நிமிடம் இப்படியே போனது. பெட்ரோல் வீணாகிறதே என்று கொளஞ்சிநாதன் ஆக்ஸிலரேட்டரை விட்டார். அப்போதுதான் விஜயகுமாரிக்கு விஷயம் பிடிபட்டது. யார் எடுத்து ஏதாவது ஒன்று ஆனாலும், மற்றவர் இன்னொரு பதினெட்டு வருடம் அதைச் சொல்லிக் காட்டுவார். இரண்டு பேருக்கும் அது தெரியும். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"கொளஞ்சி, நீங்க எடுங்க. உங்க வூட்டுக் கொல்லையில நிறுத்த இடம் இருக்குமில்ல?"

"இருக்குதுங்க. ஆனா, சார்..."

"சார் வரமாட்டார். எடுங்க."

கார் பிளாக்கைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தது. முன்கண்ணாடி சிறியது, காற்று நேரே முகத்தில் அடித்தது. சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். கல்யாணமானதிலிருந்து சோழவரத்தில் வெயில் காய்ந்தவளை ஒரு நாள், ஒரே ஒரு சுற்று, கூட்டிப்போக இருவருக்கும் தோன்றவில்லையே என்று நினைத்தாள். கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே, "இன்னும் கொஞ்சம் வேகமாப் போகலாமா?" என்று கேட்டாள். கொளஞ்சிநாதன் அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மிதித்தார்.

வடக்குத்தில் காரை நிறுத்திவிட்டு அவள் பஸ்ஸில் திரும்பியபோது மணி இரண்டு. சமையலாகவில்லை. இருவரும் கொட்டகை வாசலில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"பிரேக் எப்படி இருந்துச்சு?" என்று மாடசாமி எழுந்து வந்தார். "இழுத்துச்சா?"

"வடக்குத்துல நிறுத்தறப்ப கொஞ்சம் இழுத்துச்சு."

"எந்தப் பக்கம்?"

"இடது."

"பாத்தியாடா!" என்றார் மாடசாமி.

"இரு, இரு. தங்கச்சி, அப்ப எந்த கியர்ல வந்தீங்க?" என்றார் ராஜாங்கம்.

அவள் கலைந்த தலையை முடிந்துகொண்டு உள்ளே போய் உலையை வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருவரும் காலை டிபன் முடிந்ததும் சைக்கிளில் வடக்குத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். கொளஞ்சிநாதன்தான் பாவம். மூன்றாவது வாரமே பெண்ணிடம் சொல்லியனுப்பினார்: "டீச்சர், கார் எவ்ளோ நாள் வேணும்னாலும் இருக்கட்டுங்க. சார்ங்கள மட்டும் கொஞ்சம் வூட்டுலயே வச்சிக்குங்க."