துணியில் பதினேழாவது வீடு

அந்தக் கட்டடத்தில் பதினாறு வீடுகள் என்றுதான் பதிவு. படி துடைக்கும் அக்காவும் அவள் கணவரும் மோட்டார் அறைக்குப் பின்னால் பதினோரு வருஷமாகக் குடியிருந்தது எல்லோருக்கும் தெரியும். எந்தக் காகிதத்திலும் கிடையாது. இடம் கொடுத்தபோதே குடியிருப்போர் சங்கச் செயலாளர் சொல்லியிருந்தார்: "இருந்துக்கோ. வெளியில மூச்சு விடாத." அவளும் விடவில்லை. கணவருக்கு இழுப்பு. பத்துப் படி ஏறினால் நெஞ்சு விசிலடிக்கும். தரையோடு இருந்த அந்த அறையை விட்டால் அவர்களுக்குப் போக்கிடமில்லை.

இந்த லட்சணத்தில்தான் ஓவியம் வரையும் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். எல்லோரும் கூடி உட்கார்ந்து, அவரவர் வீட்டைத் துண்டுத் துணியில் தைத்து ஒரே படமாக ஒட்டினால் மனசும் ஒட்டுமாம். எண்ணம் தங்கமானதுதான், யார் இல்லை என்றது?

கீழ்க்கூடத்தில் துடைப்பத்தோடு போன அக்காவைக் கையைப் பிடித்து உட்கார வைத்ததும் அந்தப் பெண்தான்.

"உங்க வீட்டையும் தைங்கக்கா. யாரையும் விடக் கூடாது."

அக்காவை அங்கே அதுவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. மூன்றாம் மாடி டீச்சரம்மா ஊசியில் நூல் கோத்து நீட்டினாள். அதில்தான் அக்கா விழுந்துவிட்டாள். வாயைத்தானே திறக்கக் கூடாது, தைத்தால் என்ன என்று நினைத்தாள் பாவி. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், நீலக் கதவும் தகரக் கூரையுமாக அச்சு அசலாகத் தைத்தாள். கணவரிடம் சொல்லவில்லை.

படத்தைத் திறந்துவைக்க நகராட்சி அதிகாரியை அழைத்திருந்தார்கள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"மோட்டார் ரூம் பின்னாடி இது என்ன?"

"சும்மா அழகுக்கு சார்" என்றார் செயலாளர், முந்திக்கொண்டு.

"இல்ல சார், நிஜ வீடு" என்றாள் ஓவியப் பெண் பெருமையோடு. "பதினோரு வருஷமா அக்கா அங்கதான் இருக்காங்க. அவங்களும் இந்தக் கட்டடத்துக்காரங்கதானே."

மோட்டார் அறையை ஒட்டி ஆள் குடியிருக்கக் கூடாது என்பது சட்டம். டீச்சரம்மா வாய் திறப்பாள் என்று அக்கா பார்த்தாள். அவள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பதினைந்து வீட்டுக்காரர்களும் ஊமையாகிவிட்டார்கள். நான்கு வாரம் கூடித் தைத்ததில் ஒட்டியது அவ்வளவுதான். அதிகாரி கெட்டவரில்லை, அறையைக் காலி செய்யப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தார்.

ஓவியப் பெண் கேவிக் கேவி அழுதாள். "அந்தத் துண்டைப் பிரிச்சு எடுத்துடறேன்க்கா."

"பிரிச்சா மட்டும்? விடும்மா. நீ உக்காரச் சொன்ன, நான் உக்காந்தேன்."

வேறு இடம் கிடைத்தது, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரத்தில், இரண்டாம் மாடியில். கணவர் அந்தப் பதினைந்து நாளும் அவளோடு பேசவில்லை. கிளம்புகிற காலையில் கூடத்தில் நின்று படத்தை முதல்முறையாகப் பார்த்தார்.

"வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கிறது யாரு?"

"நீங்கதான்."

அவர் குனிந்து அந்த நாற்காலியை விரலால் தொட்டார்.

"அப்ப நான் இங்கயே இருந்துக்கறேன். நீ மட்டும் போ."

சிரிக்கப் பார்த்தார், இழுப்பு வந்துவிட்டது. கூடத்திலிருந்த மாடிப்படியின் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் தலைமூட்டையை இறக்காமல் பக்கத்தில் நின்றாள். இறக்கினால் மறுபடி தூக்கத் தெம்பிருக்காது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.