பலகையில் கடைசி வரி

பலகையில் இன்னும் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. அதற்குக் கீழே மரச்சட்டம்.

பள்ளி அலுவலக வாசலுக்கு மேலே அந்தப் பலகை. கறுப்பில் பொன் நிற எழுத்து. தலைமையாசிரியைகளின் பெயர்களும் வருடங்களும். முதல் ஐந்து பேர் கப்பலில் வந்த மிஷன் பெண்கள். அடுத்த ஏழு பேர் உள்ளூர்க்காரர்கள். கடைசிப் பெயருக்குரிய காலம் ஆறு வருடத்துக்கு முன் முடிந்திருந்தது. அன்றிலிருந்து உதவித் தலைமையாசிரியைதான் பள்ளியைப் பார்த்துக்கொள்கிறாள். உத்தரவில் 'பொறுப்பு' என்று இருந்தது. மூன்று மாதத்துக்கு என்றும் இருந்தது. எல்லாக் காகிதத்திலும் 'தலைமையாசிரியைக்காக' என்ற ரப்பர் ஸ்டாம்பை அடித்து, அதன் மேல் கையெழுத்துப் போடுவாள். முதல் ஸ்டாம்ப் தேய்ந்து இரண்டாவது வாங்கியாகிவிட்டது. மாணவிகள் அவளுக்கு வைத்த பெயர் டெம்பரவரி மிஸ்.

மாதக் கடைசியில் அவளுக்கு ஓய்வு. அதற்கு முந்தின வாரம் பள்ளியின் நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு விழா.

பள்ளிக் கமிட்டியின் செயலாளர் வந்து உட்கார்ந்தார்.

"விழா மலருக்கு ஸ்கூல் வரலாறு எழுதணும்மா. நாப்பது பக்கம் போதும். உங்களை விட்டா யாரு இருக்கா?"

"யாரும் இல்லைன்னுதானே சார் ஆறு வருஷமா நான் இருக்கேன்."

அவர் சிரித்தார். "அதுக்குத்தான் ஒரு நல்ல சேதி. பலகையில உங்க பேரைப் போட கமிட்டி ஒத்துக்கிச்சு. பொறுப்புன்னுகூட எழுத வேண்டாம்னுட்டாங்க."

அவர் போன பிறகு வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். நான்கு விரல் அகலம்.

வீட்டில் தங்கையிடம் சொன்னாள்.

"அப்பாடா," என்றாள் தங்கை. "நான் முன் வரிசையில உக்காந்து போட்டோ எடுப்பேன். தப்பு இல்லாம எழுதச் சொல்லுக்கா. உன் ராசிக்குத் தப்பா எழுதறதும் நடக்கும்."

பழைய தினக்குறிப்பேடுகள் சாமான் அறையில் இருந்தன, உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால். பள்ளி விட்ட பிறகு தினமும் இரண்டு மணி நேரம் படித்தாள். கண் எரிந்தது. பள்ளி ஒரு தானியக் கிடங்கின் மாடியில் தொடங்கியிருக்கிறது. முதல் நாள் ஏழு பெண்கள். இரண்டாம் நாள் ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தியை அப்பா வந்து கூட்டிப் போய்விட்டார். ஐந்து பேர்.

படிக்கத் தொடங்கிய ஒன்பதாம் நாள் போர்க்காலத்துக்கு வந்தாள்.

நான்காவது தலைமையாசிரியை கடைசிக் கப்பலில் ஊருக்குப் போயிருக்கிறார். மூன்று மாதத்தில் திரும்புவதாக எழுதியிருக்கிறார். மறுநாளிலிருந்து வேறு கையெழுத்து. சிறிய, நேரான எழுத்து. தையல் டீச்சர். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'தலைமையாசிரியைக்காக' என்று மையால் எழுதி, தன் முழுப் பெயரைப் போட்டிருந்தார். கூரை ஒழுகியதை எழுதியிருந்தார். விடுதிப் பிள்ளைகளை ராணுவம் கேட்ட கட்டடத்திலிருந்து ஒரே காலையில் வேறு இடத்துக்கு மாற்றியதை எழுதியிருந்தார். நான்கு வருடம், இரண்டு மாதம்.

இரண்டாம் வருட நடுவில் இப்படி ஒரு குறிப்பு: 'தலைமையாசிரியை காலமானதாகக் கடிதம் வந்தது. எட்டு மாதம் ஆகிறதாம். பிற்பகல் வகுப்புகள் வழக்கம்போல்.'

அடியில்: தலைமையாசிரியைக்காக.

மறுநாளும் அப்படியே. கடைசி நாள் வரை அப்படியே.

பிறகு ஐந்தாவது தலைமையாசிரியை வந்து இறங்கினார். அவருடைய முதல் குறிப்பு இரண்டே வரி. 'தையல் அறையில் ஒழுங்கு இல்லை. தையல் டீச்சரிடம் சொன்னேன்.'

உதவித் தலைமையாசிரியை ஏட்டை மூடிவிட்டு வாசலுக்குப் போனாள். பலகையில் இடைவெளி எதுவும் இல்லை. இறந்துபோனவரின் வருடங்களை ஐந்தாமவர் வரும்வரை நீட்டி எழுதியிருந்தார்கள்.

செயலாளருக்கு போன் செய்து விவரம் சொன்னாள்.

"அதான் தேதி விட்டுப்போகாம இருக்கே. எதுக்கும்மா கிளறணும்?"

"செத்துப்போனவங்க மூணு வருஷத்துக்கு மேல ஸ்கூல் நடத்தினதா இருக்கு சார்."

"ஸ்கூல் நடந்துச்சுல்ல?"

தையல் டீச்சரின் பெயரைப் பலகையில் சேர்க்கலாமே என்றாள்.

"நடுவுல ஒரு பேரை நுழைக்கணும்னா மொத்தப் பலகையையும் திருப்பி எழுதணும். நாலு நாள்ல ஆகுமா? மலர்ல எழுதுங்க, நான் வேண்டாங்கல. பலகையில இருக்கறது ஒரு வரி. அது உங்களுக்கு. அடுத்து வர்றவங்களுக்குப் புதுப் பலகை."

அவளுக்கு அந்த வரி வேண்டும். வேண்டாதவள் மாதிரி நடிக்கக்கூட அலுப்பாக இருந்தது. ஆறு வருடமாகக் காலை ஏழே காலுக்குக் கதவைத் திறக்கிறாள். தண்ணீர்த் தொட்டி, பொதுத்தேர்வு, சண்டைக்கு வரும் அப்பாக்கள். இவ்வளவுக்கும் நான்கு விரல் அகலம் அதிகமில்லை.

சனிக்கிழமை பெயின்டர் ஏணியோடு வந்தார். பள்ளியில் வேறு யாரும் இல்லை.

"பேரையும் வருஷத்தையும் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க மேடம். கையெழுத்தோட. போன தடவை ஒரு ஆஸ்பத்திரியில டாக்டர் பேருக்கு முன்னால டாக்டர் போடலைன்னு என்னைப் போட்டு வறுத்துட்டாங்க."

அவள் உள்ளே போனாள். தன் பெயரை எழுதினாள். வருடங்களை எழுதினாள். பழக்கத்தில் கை ஸ்டாம்பை எடுத்து அடித்தது. கையெழுத்துப் போட்டாள்.

மேலே அவள் பெயர். கீழே தலைமையாசிரியைக்காக, மறுபடியும் அவள்.

சற்று நேரம் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். இன்னொரு சீட்டு எடுத்து, ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தையல் டீச்சரின் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினாள். நான்கு வருடங்களையும் எழுதினாள். ஸ்டாம்ப் அடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

பெயின்டர் சீட்டையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், இது மேல வர வேண்டிய வருஷமாச்சே. இதைப் போய் அடியில எழுதினா, நான் தண்ணியப் போட்டுட்டு எழுதினேம்பாங்க."

"கேக்கறவங்களை ஆபீஸ்ல கேக்கச் சொல்லுங்க."

"ஆபீஸ்ல யாரு இருப்பா? நீங்கதான் இந்த மாசத்தோட போறீங்களாமே."

"விழாப் புஸ்தகத்துல எழுதி வச்சிருக்கேன்."

"கமிட்டி சார் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"சொல்லுவார். என்கிட்டதான் சொல்லுவார். நீங்க ஏறுங்க."

அவர் ஏறினார். தரை வழவழப்பு. ஏணி நழுவாமல் அவள் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். முதல் எழுத்து முடிவதற்குள் போன் அடித்தது. தங்கை.

"எழுதியாச்சாக்கா?"

"எழுதிக்கிட்டிருக்கார்."

"தப்பு ஒண்ணும் இல்லையே?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். கழுத்து வலித்தது.

"இல்லை. சாயங்காலம் வந்து சொல்றேன். நீ எனக்காகக் காத்திருக்காம சாப்பிட்டுடு."