சூடில்லாத குழாய்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குழாய் மறுபடி தட்ட ஆரம்பித்தது. டக், டக், டக். பீப்பாயில் உப்பு நீர் ஊற்றி முட்டைக்கோஸ் அடுக்கிக்கொண்டிருந்த நெத்யால்கா தலையைக்கூடத் தூக்கவில்லை. ரேடியோச் சத்தத்தைக் கூட்டினாள்.

பல்கேரியாவின் பெர்னிக் நகரத்து அந்த அடுக்குமாடியில் பக்கத்து வீட்டாரைத் திட்ட வாயே வேண்டாம், எல்லா வீடுகளையும் சூடாக்க மாடிக்கு மாடி ஏறும் ரேடியேட்டர் குழாயில் கரண்டியால் நாலு தட்டு போதும். அதனால்தான் இரண்டு வாரம் முன்பு, குளிர்காலத்துக்காக அந்தக் குழாய்களில் வெந்நீர் திறந்துவிட்ட முதல் விடியலில் குழாய் இடித்ததும், மேல்வீட்டு அஸ்பரூக்தான் தட்டுகிறார் என்று இவள் மாடிக்கு ஓடினாள்.

"காலங்காத்தால எதுக்குய்யா மண்டைய உடைக்கிறீங்க?"

"நானா? நான் இன்னும் படுக்கைய விட்டே எந்திரிக்கல. பேய் கீய் பிடிச்சிருக்கா ஒனக்கு?"

தனி ஆள் என்பதற்காகத் தன் வீட்டு மாற்றுச் சாவியை அவர் இவளிடம்தான் கொடுத்து வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்து அவர் காலடியில் வீசினாள். "இனிமே உங்க வாசப்பக்கம் எட்டிப் பாத்தா என்னன்னு கேளுங்க!"

மறுநாள் வந்த மெக்கானிக் கூரையைப் பார்த்துச் சிரித்தான். "சூடு ஏறினா குழாய் நீளும்மா. நகர்றதுக்கு இடம் விடணும். அது மேல போற ஓட்டைய இப்படிச் சிமெண்டு வச்சு இறுக்கினா அது முட்டத்தானே செய்யும்?"

மேல்வீட்டுச் சிகரெட் நாற்றம் வருகிறதென்று அந்த ஓட்டையை அடைத்தது இவள் கணவன் ஸ்தோயில்தான். அஸ்பரூக்கிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்க வெட்கமாக இருந்தது, நாளை நாளை என்று தள்ளிப்போட்டாள்.

பன்னிரண்டரைக்கு உப்பு நீரில் விரல்கள் மரத்துப்போக, கையைச் சூடாக்கிக்கொள்ளலாமென்று குழாயைப் பிடித்தாள். ஜில்லென்றிருந்தது. பழுது பார்க்க நேற்றிரவே வெந்நீரை நிறுத்திவிட்டார்கள், வாசலில் ஒட்டியிருந்த காகிதத்தை இவளே படித்திருந்தாள்.

உள்ளங்கைக்குக் கீழே குழாய் அதிர்ந்தது. டக்.

சூடே இல்லாத குழாய் எதற்கு நீள வேண்டும்?

"ஸ்தோயில்! கடப்பாரைய எடுத்துட்டு வாங்க! ஐயோ, ஓடியாங்க!"

மூன்றாவது நெம்பலில் மேல்வீட்டுக் கதவின் பூட்டுத் தெறித்தது. சமையலறைத் தரையில், ரேடியேட்டர் பக்கத்தில், அஸ்பரூக் விழுந்து கிடந்தார். ஒரு கால் பார்க்க முடியாதபடி திரும்பியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கையில் வளைந்துபோன கரண்டி. ஸ்தோயில் ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். இவள் போர்வையை எடுத்துவந்து மூடினாள்.

"குழாய்தான்னு நெனச்சேன் அண்ணே... சத்தியமா, குழாய்தான்னு..."

அவர் கண்ணைத் திறந்தார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"அன்னிக்கு நான் தட்டவே இல்ல, சண்டைக்கு ஓடி வந்தே. இன்னிக்கு ரெண்டரை மணி நேரம் தட்டினேன்." மூச்சு வாங்கினார். "நீ ரேடியோவக் கூட்டினது எனக்குக் கேட்டுச்சு, நெத்யால்கா."