கிராணியின் கம்ப்யூட்டர் பெட்டி

லோரி ஓட்டுகிறவனுக்கு ஊரெல்லாம் வேலை சொல்லும். தாப்பாவுக்குப் போகிறாயா, மருந்து வாங்கிவா. ஈப்போவுக்குப் போகிறாயா, மகளுக்கு ஜாக்கெட் துணி பார்த்துவா. தேயிலைப் பெட்டிகளோடு அடுத்தவர் சாமானையும் ஏற்றிக்கொண்டு இந்த மலையில் வளைந்து வளைந்து ஏறி இறங்கியதில் எனக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. அதிலும் எண்பத்தாறாம் வருஷம் அமிர்தலிங்கம் கிராணி ஒரு சாமான் கேட்டார் பாருங்கள், அதற்காக ஈப்போவில் கம்ப்யூட்டர் விற்கிற லிம் கடைப் படியை எத்தனை தடவை ஏறியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் அவன் ஒரே பதில்தான் சொல்வான்.

"இன்னும் வரல லா. அடுத்த கப்பல்."

அமிர்தலிங்கம் எங்கள் தோட்டத்து ஆபீஸ் கிராணி, அதாவது கணக்கப்பிள்ளை. யார் எவ்வளவு கொழுந்து பறித்தார்கள் என்று அன்றன்றைக்கு ஆபீஸில் பதிவது அவர் வேலை. முந்தின வருஷம் ஃபேக்டரியில், இலையை உருட்டுகிற மிஷினில் அவர் கை சிக்கிக்கொண்டது. இலை சரியாக உருளவில்லை என்று ஆட்கள் கூப்பிட்டார்கள். எட்டிப் பார்த்துவிட்டு வரவேண்டிய மனுஷன் கையை உள்ளே விட்டார். மாட்டிய வலது கையை இழுக்கப்போய் இடது கையும் போனது. வலதில் கட்டைவிரல் மிச்சம். இடதில் கட்டைவிரலும் சுண்டுவிரலும். "பேனா பிடிக்கிற ஆளுக்கு மிஷின்ல என்னய்யா ஜோலி?" என்று ஆஸ்பத்திரியிலேயே அவரைத் திட்டினேன். திட்டிவிட்டு வெளியே வந்து அழுதேன்.

அவர் தேறி வேலைக்குத் திரும்பியபோது ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்திருந்தது. கோலாலம்பூர் தலைமை ஆபீஸ் அனுப்பியது. தையல் மிஷின் பெட்டி அளவு இருக்கும். கைப்பிடி உண்டு, எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம் என்றார்கள். தூக்கிப் பார்த்தேன், தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. முன்மூடியைக் கழற்றினால் அதுதான் எழுத்துப் பலகை. உள்ளே கையகலத் திரை, அதில் பச்சை எழுத்து. இனிமேல் எடையெல்லாம் இதில்தான் அடிக்க வேண்டும் என்று தோட்டத்து மேனேஜர் துரை சொல்லிவிட்டார். வெள்ளைக்காரர்கள் போய் எவ்வளவோ காலமாயிற்று, இவர் நம் தமிழர்தான். ஆனாலும் துரை துரைதான்.

"உங்க மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல, அமிர்தலிங்கம்," என்றார். "ஆனா வேல நடக்கணும். தீபாவளி வரைக்கும் பாக்குறேன். முடியலேன்னா வேற கிராணி வருவாரு. அவருக்கு வீடு வேணும்ல?"

அந்தக் கடைசி வார்த்தையில்தான் விஷயம் இருந்தது. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும், அதுதான் இங்கே சட்டம். கிராணியின் மனைவி பாஞ்சாலை கல்யாணமாகி வந்து இறங்கியது அந்த வீட்டில்தான். போக்கிடம் என்று பார்த்தால் கோலா தெர்லாவில் அவளுடைய தம்பி ஒருவன். அவனே காய்கறித் தோட்டத்தில் கூலிக்குக் கோஸ் வெட்டிக்கொண்டு தகரக் கொட்டகையில் குளிரில் கிடந்தான்.

கிராணி உள்ளங்கையில் பென்சிலை ரப்பர் போட்டுக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். ஊர் இருட்டி, பனி இறங்கி, ஆபீஸில் மட்டும் விளக்கு எரியும். அப்படியும் கணக்கு முடியாமல் ஆட்களின் சம்பளம் தள்ளித் தள்ளிப் போயிற்று. "பாவந்தான் கிராணி. நம்ம வயிறும் பாவந்தானே?" என்று பறிக்கிற பெண்கள் முனகினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

அந்தச் சமயத்தில்தான் லிம், மிஷினைப் பார்க்க மலைக்கு வந்தவன், பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து காட்டினான். உள்ளே வரிசையாக இடுக்குகள், எல்லாம் காலி. எது வேண்டுமோ அதற்கான அட்டையை வாங்கி அந்த இடுக்கில் சொருகிக்கொள்ளலாம் என்றான். ஒரு அட்டை சொருகினால் திரையில் படம் வரும். அதிலிருந்து ஒரு உருண்டையை வெளியே மாட்டிக்கொள்ளலாம். உள்ளங்கையால் அதை உருட்டினால் திரையில் ஒரு அம்பு ஓடும். பெயரையும் எண்ணையும் அம்பு தொட்டுக் கொடுக்கும். விரலே வேண்டாம்.

விரலே வேண்டாம் என்று அவன் சொன்னபோது கிராணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றிலிருந்து பிடித்தது சனியன். என் லோரியில் ஏறினால் அந்தப் பேச்சுதான்.

"பாருங்க வீரப்பண்ணே, இந்தப் பெட்டி இளைச்சு இளைச்சு மடியில வைக்கிற மாதிரி ஆயிரும். படம் பத்தலையா, அந்த அட்டைய உருவிட்டு வேற சொருகிக்கலாம். பெட்டிய மாத்த வேண்டாம். கை இல்லாதவனுக்கு ஒண்ணு, கண் தெரியாதவனுக்கு ஒண்ணு மாட்டிக்கலாம். மனுஷனுக்குத் தக்கபடி மிஷின் மாறணும்ணே. இதுவரைக்கும் மிஷினுக்குத் தக்கபடிதான் நம்மள வெட்டிக்கிட்டோம்."

"மொதல்ல அந்த அட்ட வரட்டும் கிராணி. அத்தைக்கு மீசை மொளைச்சா அப்புறம் சித்தப்பாங்கலாம்."

எரிச்சலில் சொல்வேன். சொன்ன பிறகு அவர் கையைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வேன். துரையிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த அட்டைக்கு அனுமதி வாங்கியவர் அவர். ஆனி போயிற்று, ஆடி போயிற்று, ஆவணியும் போயிற்று. எனக்கே அலுத்துவிட்டது, அவருக்கு அலுக்கவில்லை.

ஆயுத பூசைக்கு முதல் நாள், எதிர்பார்க்காமல் லிம் ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான். அன்றைக்கு நான் லோரியை ஓட்டிய ஓட்டத்துக்கு எந்த வளைவிலாவது விழுந்திருக்க வேண்டும். கடவுள் காப்பாற்றினார்.

மறுநாள் ஆபீஸ் லீவு. என் லோரிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு, சாயங்காலம் கிராணி வீட்டுக்குப் போனேன். கிராணி ஃபேக்டரிப் பூசையில் இருந்தார். பாஞ்சாலை சாமிப் படத்தின் முன்னால் அரிவாள்மனை, கத்தி, தையல் மிஷின், அவருடைய பென்சில் கட்டை, எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துப் பரப்பியிருந்தாள். நடுவில், வாழையிலையில், அந்த அட்டை. பச்சைத் தகடு, ஒரு ஓரத்தில் தங்கப் பல் வரிசை. குழைத்த சந்தனத்தைப் பல்லுக்குப் பல் தொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தாள்.

"எல்லாத்தையும் விட இதுக்குத்தாண்ணே மொதல்ல வச்சேன்," என்றாள். "எங்க குடும்பத்தையே இதுதானே தூக்கி நிறுத்தப்போவுது?"

எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. புது லோரிக்கு வைக்காமல் ஓட்டுவோமா? சுண்டல் தின்றுவிட்டு வந்தேன். ஆபீஸில் பார்த்தால் சிரிப்பார்கள் என்று அவளே பூசை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துப் பொட்டலத்தில் வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை ஆபீஸில் துரை வந்து நின்றார். கிராணி சொல்லச் சொல்ல நான்தான் அட்டையை இடுக்கில் அழுத்தி, கூட வந்த உருண்டையை மாட்டினேன். சுவிட்சைப் போட்டோம். திரையில் கோடு கோடாக வந்து ஒரு படம் நின்றது. கிராணி உள்ளங்கையை உருண்டைமேல் வைத்தார். அம்பு நகர்ந்தது! "போகுது சார், போகுது!" என்று அவர் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். துரைகூடச் சிரித்தார். அம்பு பாதித் திரையைத் தாண்டவில்லை, பெட்டிக்குள் சடசடவென்று சத்தம், ரப்பர் கருகிய நாற்றம், பின்னாலிருந்து புகை. நான் வயரைப் பிடுங்கினேன். திரை இருண்டது இருண்டதுதான்.

சேதி போய் லிம் வந்தான். அட்டையை உருவி வெளிச்சத்தில் பிடித்தான். கருகிய பற்களின் இடுக்குகளில் சிவப்பாக அப்பியிருந்தது. அவன் விரலால் சுரண்டி முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் துரையிடம் நீட்டினான். துரைக்குப் புரியாமல் இருக்குமா?

"குங்குமமா இது? யாரு வச்சது?"

கிராணி அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேசாதே என்பதுபோல் தலையை லேசாக ஆட்டினார்.

"நான்தான் சார். சாமி கும்பிட்டு வச்சேன்."

"படிச்ச ஆளுதானே நீங்க? உள்ள போற சாமான்ல போய்ச் சந்தனம் பூசுவாங்களா?"

"தப்புதான் சார். ஆனா இது வெளிய தெரிய வேணாம் சார். சாமான் கெட்டுப்போச்சுன்னு மட்டும் இருக்கட்டும்."

கட்டைவிரலால் சந்தனம் தொட்டுப் பல்லுக்குப் பல் பொட்டு வைத்திருக்க முடியுமா என்று துரை யோசித்தாரோ என்னவோ, கிராணியின் கையையே பார்த்தார். பிறகு தலையாட்டினார். அந்த ஒன்றை மட்டும் அவர் காப்பாற்றினார், தோட்டத்தில் யாருக்கும் சொல்லவில்லை. பெட்டி உள்ளுக்குள் முழுக்கச் செத்துவிட்டது, இந்த மாடல் இனிமேல் வராது, புது மாடலில் இடுக்கே வேற மாதிரி, பழைய அட்டை சேராது என்று லிம் சொன்னான். "இடுக்கையே மாத்திட்டானா?" என்று கேட்டார் கிராணி. புகை வந்தபோதுகூட அவர் முகம் அப்படி விழவில்லை.

தீபாவளி முடிந்த வாரம் புதுக் கிராணி வந்து சேர்ந்தார். கட்டிலையும் பாத்திரங்களையும் தையல் மிஷினையும் கோலா தெர்லாவுக்கு என் லோரியில்தான் ஏற்றினோம். முன்னால் எங்கள் இருவருக்கும் நடுவில் பாஞ்சாலை உட்கார்ந்திருந்தாள். லோரி கியா பார்ம் தாண்டியது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, ரோசிச்சு ரோசிச்சுப் பாத்தேன். அன்னிக்கு நான் பொட்டு மட்டும் வச்சேன், பூசணிக்கா உடைக்கல. திருஷ்டி கழிச்சிருந்தா இவரு வேல போயிருக்காதுல்ல? எல்லாம் எங் கொறைதான்."

எனக்கு ஆத்திரமா அழுகையா என்று தெரியவில்லை. ஏதாவது சொல்லித் தொலைத்துவிடுவேனோ என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கிராணி அந்த மிச்ச விரல்களால் அவள் முழங்கையைத் தொட்டார்.

"அதான் விசயம் புள்ள," என்றார். "அடுத்த பெட்டி வரட்டும். ரெண்டு பூசணிக்காயாவே உடைச்சிரலாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள். கோலா தெர்லா இறக்கத்தில் எதிரே கோஸ் லோரி ஒன்று ஏறி வந்தது. நான் ஓரமாக நிறுத்தி அதற்கு வழி விட்டேன்.