சகலை போட்ட பச்சை கிரீஸ்

1.

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு ஏதாவது கௌரவமான காரணம் சொல்லித் தொடங்கலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. என் மனைவி தன் சைக்கிள் சக்கரத்துக்கு எந்த கிரீஸ் போடலாம் என்று என்னைக் கேட்காமல் அவள் அக்கா கணவரைக் கேட்டாள். அவ்வளவுதான் விஷயம். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு வயிறு எரிந்தது.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், ஒரு பெண் தன் சைக்கிளை..."

[வேண்டாம். மழையில் தொடங்கினால் அனுதாபமெல்லாம் அவளுக்குப் போய்விடும். இந்தக் கதையில் அது எனக்குத்தான் வேண்டும்.]

2.

சகலையை அறிமுகப்படுத்தியாக வேண்டும். ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் நிலையத்தில் பம்புகளைப் பராமரிப்பவர். மூன்று வரைவுகளில் அவரை வில்லனாக்கப் பார்த்தேன். தொப்பை வைத்தேன், பல்லிடுக்கில் குச்சி வைத்தேன். எதுவும் ஒட்டவில்லை. மனிதர் ஒல்லி. யாரையும் ஒரு குறை சொல்லமாட்டார். [எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது.]

மனைவி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். தினமும் ஒன்பது கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். அதனால் சகலை ஒரு விடுமுறை நாளில் எங்கள் வாசலில் உட்கார்ந்து, முன்சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பைத் திறந்து, பேரிங் குண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பச்சை கிரீஸ் வைத்தார்.

"பம்புக்குப் போடறதும்மா இது. தண்ணி பட்டுக்கிட்டே இருந்தாலும் கரையாது. ரெண்டு வருஷத்துக்கு இந்தப் பக்கமே வர வேண்டாம்."

"அத்தான் இருக்கறப்ப எனக்கென்ன கவலை," என்றாள் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏங்க, அந்தத் துணிய எடுத்துக் குடுங்களேன்."

எடுத்துக் கொடுத்தேன். பதினோரு வருட இல்வாழ்க்கையில் ஒருநாளாவது என்னை... [இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.]

3.

இங்கே கொஞ்சம் கட்டுரை. மூன்று வாரம் கிரீஸைப் பற்றிப் படித்தேன். கிரீஸ் என்பது பெரும்பாலும் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் ஒருவகைச் சோப்பு. அந்தப் பிடி தளராதவரைதான் அது உழைக்கும். எது நீரைத் தாங்கும், எது சூட்டைத் தாங்கும் என்றெல்லாம் ஒப்பிட்டு ஒரு சிவப்பு டப்பாவைத் தேர்ந்தெடுத்தேன். நல்ல கிரீஸ். இப்போதும் அதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில் ஹப்பைத் திறந்து, பச்சையின் மேலேயே சிவப்பை அப்பி மூடினேன். இரண்டு வருடம் கழித்து, எல்லோரும் அத்தானைப் புகழும்போது, இத்தனை நாள் ஓடியது என் கிரீஸில் என்று சொல்ல வேண்டும். அதுதான் திட்டம்.*

* டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் "வேறு கிரீஸுடன் கலக்கக் கூடாது" என்று இருந்தது. நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். அந்த வரியைப் படித்தேன். பிழை இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை, அடுத்த வரிக்குப் போய்விட்டேன். என்ன சொல்கிறது என்று பார்க்கும் பழக்கம் தொழிலில் போய்விட்டது.

4.

இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒன்றின் பிடியை ஒன்று தளர்த்தி, இளகி ஒழுகிவிட்டன. மூன்றாம் மாதம், மழையில் சரிவு இறங்கும்போது முன்சக்கரம் ஆடி அவள் விழுந்தாள். முழங்கையில் ஆறு தையல்.

வீட்டுக்கு வந்ததும் ஃபோனில் அத்தானைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு வருஷம்னு சொன்னீங்க. மூணு மாசம் தாங்கல. உங்கள நம்பித்தானே ஓட்டினேன்?"

அவள் கைக்குக் கீழே தலையணை வைத்துக்கொண்டிருந்த எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. [ஆமாம், அந்தத் தையலைப் பார்த்துக்கொண்டேதான். இந்த வரியை நாலு முறை அடித்தேன். நாலு முறையும் திரும்ப எழுதினேன்.]

மறுநாள் சகலை வந்து ஹப்பைத் திறந்தார். உள்ளே சேறு மாதிரி ஏதோ மிச்சம். ஓரத்தில் ஒரு கீற்று சிவப்பு. தன் கிரீஸ் பச்சை என்பது அவருக்குத் தெரியாதா என்ன. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றேன். மனைவி வரும் சத்தம் கேட்டதும் அந்தச் சிவப்பைக் கட்டைவிரலால் வழித்துத் துணியில் துடைத்துவிட்டார்.

"என்ன அத்தான் ஆச்சு?"

"என் தப்புதாம்மா. பம்புக்குப் போடறத சைக்கிளுக்குப் போட்டிருக்கக் கூடாது."

அன்றிலிருந்து அவள் அவரோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. அக்காவும் தங்கையும்கூட அளந்துதான் பேசிக்கொள்கிறார்கள். "நீங்களே ஒரு நல்ல கிரீஸா பாத்துச் சொல்லுங்க," என்று என்னைக் கேட்டாள். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவரைப் போல ஒரு பொய் என்னால் யாருக்காகவும் சொல்ல முடியாது. இப்போது அதற்கும் பொறாமை.

5.

முடிவுகள்.

நான் வாயைத் திறக்காமலே இருந்துவிடுகிறேன். [சுலபம். மூன்று வாரமாக இதைத்தான் செய்கிறேன்.]

சகலையே ஒருநாள் சொல்லிவிடுகிறார். [சொல்லமாட்டார்.]

நான் கண்ணீர் விட்டு... [நடிப்பு. உடனே கண்டுபிடித்துவிடுவாள்.]

வாசகரே, முடிவை உங்களிடம் கொடுப்பதாகத்தான் இருந்தேன். ஆனால் நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அவள். அதனால் நீங்கள் கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள்.

இதுவரை படித்துவிட்டாய். விழவைத்தது நான். முதலில் அத்தானுக்கு ஃபோன் பண்ணிவிடு, என்னை அப்புறம் திட்டலாம். ஹப்பை மண்ணெண்ணெயில் கழுவி, நீ அன்று கேட்ட அதே துணியால் துடைத்து வைத்திருக்கிறேன். பழையது ஒரு பொட்டு இல்லை. புதுக் குண்டுகள் கிண்ணத்தில். மேசையில் இரண்டு டப்பா இருக்கிறது, அவருடையதும் என்னுடையதும். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்.

[சிவப்பு டப்பா நாலு விரற்கடை முன்னால் இருக்கிறது. இரண்டு முறை பின்னால் தள்ளி வைத்தேன். மறுபடியும் முன்னால்தான் இருக்கிறது.]