தாளிக்காத சாம்பார்

வீட்டில் அம்மை வார்த்திருக்கும்போது எந்த மகராசியாவது இட்லிக் கடை நடத்துவாளா? அங்காளம்மாள் நடத்தினாள். நடத்த வைத்தான் அவள் புருஷன் கருப்பணன், நாசமாய்ப் போகிறவன்.

நாகல்நகரில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. பின்கட்டில் வாழையிலை மேல் எட்டு வயது மகள் மூக்காயி உடம்பெல்லாம் முத்துப் போட்டுக் கிடந்தாள். கண்ணைத் திறக்க முடியவில்லை. அவள் முனகுவது அடுப்படி வரைக்கும் கேட்டது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் வருடிக் கொடுக்க வேண்டியவள் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் செருக அவள் எடுத்துப் போன வேப்பிலைக் கொத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்திருந்தான் கருப்பணன்.

"ஏய், அறிவிருக்கா? லைசென்சு புதுப்பிக்கிற மாசம். வேப்பிலையப் பாத்தா இன்ஸ்பெக்டர் கடையப் பூட்டிருவாரு. அப்புறம் மண்ணையா திங்கிறது?"

"பூட்டட்டுமே! ஆத்தா இறங்கின வீட்டுல இருந்து ஒரு பிடி சோறு வெளிய குடுக்கலாமாய்யா? விக்கிறியே, நீ வெளங்குவியா?"

"வாய மூடு. முத்து தன்னால இறங்கிரும்."

வாயை மூடினாள். ஆனால் தாளிப்புக் கரண்டியைத் தொடவில்லை. அம்மை கண்ட வீட்டில் எண்ணெய் காயக் கூடாது, கடுகு வெடிக்கக் கூடாது. சாம்பாரைத் தாளிக்காமல் இறக்கினாள். சட்னியையும் அப்படியே வைத்தாள். வடைச்சட்டி கவிழ்ந்தே கிடந்தது. ஆத்தாளுக்குப் பயந்தது பாதி. மீதிப் பாதி இன்ஸ்பெக்டர் சுருளிவேலுக்காக.

முனிசிபாலிட்டி சுகாதார இன்ஸ்பெக்டர் அவர். தினமும் காலைப் பலகாரம் இங்கேதான், அதுவும் ஓசியில். கடைக்காரர்களுக்கு நல்லது கெட்டது சொல்லித் தருவதும் அவர் வேலைதான். ஈ மொய்க்காமல் மூடி வைக்கச் சொல்வார், கிணற்றுக்குப் பவுடர் போட ஆள் அனுப்புவார், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தால் மெச்சிக்கொள்வார். தாளிக்காதது மனுஷன் நாக்கில் பட்டதும் கேட்டுவிடுவார், கேட்டால் கடையைப் பூட்டுவார், பூட்டினால் பிள்ளை பக்கத்தில் உட்காரலாம் என்று நம்பினாள் பாவி மகள்.

கேட்கத்தான் செய்தார். "என்ன கருப்பணா, கடுகையே காணோம்?"

"தீந்துபோச்சு சார். கடையில சரக்கு வரல."

"அப்படியா" என்றார். இன்னும் ரெண்டு இட்லி வைக்கச் சொல்லித் தின்றுவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே போனார்.

மறுநாளும் வந்தார். இலையைப் பார்த்தார், வடைச்சட்டியைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பின்கட்டில் மூக்காயி வீறிட்டாள். அவர் கை கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடி இட்லியைப் பிசைந்தது.

அங்காளம்மாளுக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. கொல்லைக்குப் போய் வேப்பங்கொப்பை ஒடித்து வந்தாள். அத்தனை பேர் உட்கார்ந்திருந்த கடைக்குள் நுழைந்து இன்ஸ்பெக்டர் இலையிலேயே போட்டாள்.

"தின்னுங்க! நல்லாத் தின்னுங்க! அம்மை வார்த்த வீட்டுச் சோறு!"

பெஞ்சில் இருந்தவர்கள் பாதி இட்லியோடு எழுந்து ஓடினார்கள். ஒருவர் வாசலிலேயே துப்பினார். கருப்பணன் கையை ஓங்கினான். "அடிச்சுப் பாருய்யா" என்று அவள் அகப்பையை எடுத்ததும் கை தானாக இறங்கியது.

சுருளிவேல் குரலைத் தாழ்த்தினார். "எதுக்கும்மா ஊரைக் கூட்டுற? எனக்கு நேத்தே தெரியும்."

"தெரியுமா?"

"கடுகு இல்லேன்னதுமே தெரிஞ்சுபோச்சு. நான் எழுதிட்டா கடையப் பூட்டணும், பேரு கெட்டுப்போகும், அப்புறம் ஒரு பய இங்க சாப்பிட வரமாட்டான். பொழைக்கிற குடும்பமாச்சேன்னு கண்டுக்கல. உங்க நல்லதுக்குத்தாம்மா."

"அடப்பாவி! அம்மை ஊசி குத்துறவரக் கூட்டியாரணும்னு உனக்குத் தோணலையா? காக்கி மாட்டிக்கிட்டு ஓசில திங்க மட்டும் தெரியுதுல்ல! எம்புள்ள அங்க கத்துறது காதுல விழுகலையா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஓர் ஆள் செருமினார். தோல் பதனிடும் தோல்ஷாப்பில் வேலை பார்க்கும் சூசை. எல்லாரும் ஓடியும் அவர் ஓடவில்லை. ஒரு கையில் இட்லிப் பொட்டலம், இன்னொரு கையில் சாம்பார்த் தூக்கு.

"அக்கா, வீட்டுல பச்ச உடம்புக்காரி. பேறுகாலமாகி ஒரு வாரந்தான் ஆகுது. கடுகு, எண்ணெ ஒண்ணும் ஆகாதேன்னு இருந்தோம். உங்க கடையில தாளிக்கலன்னு தெரிஞ்சதும், இதுதான் ஒத்துக்கும்னு நேத்துலருந்து வாங்கிட்டுப் போறேன். புள்ள அவ மடியிலதான் கிடக்கு. ஒண்ணும் ஆகாதுல்லக்கா?"

யார் கண்ணில் படட்டும் என்று செய்தாள், அது யார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது! அந்தத் தூக்கில் நேற்று சாம்பாரை ஊற்றியது அவள் கைதான். ஓடிப்போய்ப் பொட்டலத்தையும் தூக்கையும் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினாள். இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"அம்மை கண்ட வீட்டுக்காரி, நான் அந்த வீட்டு வாசல மிதிக்கக் கூடாது. நீ போய் அம்மை குத்துறவர அங்க கூட்டிட்டுப் போ."

"கையக் கழுவிக்கிட்டு..."

"ஓடுடா!"

முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டரை அந்தத் தெருவில் அதுவரை யாரும் 'டா' போட்டதில்லை. அவர் எச்சில் கையோடு ஓடினார்.