முப்பத்தேழரை டிகிரி

தூங்குமூஞ்சி மரம் வெட்டப்பட்ட மறுநாள் காலை ஏழு மணிக்குக் கூண்டுக்காரியின் உடல் சூடு நாற்பத்தொன்றரை டிகிரி இருந்தது. வந்து பார்த்த டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், முதுகில் குழல் வைத்துக் கேட்டார், ரத்தமும் எடுத்துப் பார்த்தார். கடைசியில் சீட்டில் "காய்ச்சல் அல்ல, கோபம்" என்று எழுதினார். அதற்குத் தம்மிடம் மருந்து இல்லை என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார். இது அந்த வீட்டில் யாருக்கும் புதிய செய்தி இல்லை. இதற்கு முன்பு முப்பத்தொன்பதைத் தாண்டியதில்லை, அவ்வளவுதான்.

கூண்டுக்காரி என்பது தெரு வைத்த பெயர். கால்நடை ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் வேலை பார்த்தவள். வீட்டின் பின்கட்டில் பன்னிரண்டு வருடமாக அடிபட்ட காட்டு உயிர்களை வைத்துத் தேற்றி வந்தாள். லாரியில் மோதிய ஆந்தை, பட்டத்து நூல் இறக்கையை அறுத்த பருந்து, மின்கம்பியில் தாயை இழந்த குரங்குக் குட்டி, மூக்கில் தூண்டில் முள்ளோடு வந்த ஆமை. ஒவ்வொன்றும் வரும்போது அவள் சூடு கொஞ்சம் ஏறும், அது தேறிப் போகும்போது இறங்கும். அங்கே இரண்டு விதிகள் உண்டு. முதல் விதி, குளிர்ந்துபோன குஞ்சுக்குத் தீனி கொடுக்கக் கூடாது. உடம்பில் சூடு இல்லாவிட்டால் குடல் வேலை செய்யாது, உள்ளே போனது அப்படியே கிடந்து அழுகும், பசியில் சாகவேண்டிய குஞ்சு தின்று சாகும். ஆகவே முதலில் சூடு, பிறகு நீர், அதன் பிறகுதான் தீனி. இது தெரியாதவர்கள்தான் ஊரில் அதிகம். ஒருமுறை அணில் குஞ்சைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்த ஒருவர், "பாவம்னு பால் ஊத்தினேங்க" என்றார். "பாவத்தை நீங்களே வச்சுக்குங்க, குஞ்சை மட்டும் குடுங்க" என்றாள் அவள். அன்றைக்கு முப்பத்தெட்டு.

இரண்டாவது விதி, குஞ்சுகள் இருக்கும் அறையில் யாரும் பேசக் கூடாது. மனிதக் குரலைக் கேட்டு வளரும் குஞ்சு மனிதனைத் தாய் என்று நினைத்துக்கொள்ளும். பெரிதானபின் எவன் கூப்பிட்டாலும் பக்கத்தில் போகும், முதல் கல்லிலேயே விழும். மனிதனைக் கண்டால் அலறி ஓடுகிற பறவைதான் பிழைக்கும். எனவே தீனி கொடுப்பவர்கள் முகத்தை வெள்ளைத் துணியால் மூடி, அலகு போல் வளைத்த இடுக்கியால் மீன் துண்டை நீட்டுவார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கதவிலுள்ள கண்ணாடி வழியாக எழுதிக் காட்ட வேண்டும். முட்டைகளுக்கும் இதே விதிதான். பொரிப்பதற்குச் சில நாள் முன்பே ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சுக்குக் காது கேட்கத் தொடங்கிவிடும்.

வெட்டப்பட்ட மரத்தில் கொக்குக் கூடுகள் நூற்று நாற்பது இருந்தன. சாலையை அகலமாக்க வேண்டும், கூடு கட்டும் காலம் முடியும்வரை மூன்று மாதம் பொறுக்க முடியாது என்று நகராட்சி முடிவு செய்தது. மரம் விழுந்தபோது குஞ்சுகள் தார்ச் சாலையில் விழுந்த சத்தத்தை, ஈரத்துணி மூட்டையைப் போட்டது போல என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். தண்ணீர் லாரி வந்து சாலையைக் கழுவிவிட்டுப் போனது. ஒடிந்த கிளைகளுக்குள் புகுந்து கூண்டுக்காரியும் அவள் தங்கையும் பொறுக்கியதில் உடையாத முட்டைகள் இருபத்தாறு கிடைத்தன. டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓட்டுக்குள் ரத்த நாளங்கள் சிவப்பு வேர் போலத் தெரிந்தன. எல்லாம் உயிரோடு இருந்தன, பொரிக்க இன்னும் பத்து நாள். விழுந்த மரம் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்திருந்ததால் தெரு முழுவதும் மின்சாரம் இல்லை. சரிசெய்யப் பதினைந்து நாளாகும் என்றார்கள். முட்டை பொரிக்கும் பெட்டி வெறும் பெட்டியாகிவிட்டது.

முட்டைக்கு வேண்டியது முப்பத்தேழரை டிகிரி. ஒரு டிகிரி குறைந்தால் உள்ளே வளர்ச்சி தடுமாறும், இரண்டு டிகிரி கூடினால் குஞ்சு வெந்துவிடும். விளக்கு, வெந்நீர்ப் புட்டி எல்லாம் சோதித்தார்கள், எதுவும் நிலையாக நிற்கவில்லை. கூண்டுக்காரியின் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். சூட்டையும் குளிரையும் ஓர் அளவில் கட்டி நிறுத்துவதுதான் அவர் தொழில். மனைவி உட்கார்ந்த நாற்காலியின் பிளாஸ்டிக் இளகுவதைப் பார்த்துவிட்டு, "வெளியில எதுக்குத் தேடறோம், வீட்டிலேயே இருக்கே" என்றார். தையல்காரியான தங்கை அன்று மதியத்துக்குள் உள்பக்கம் இருபத்தாறு பைகள் வைத்த ஒரு பருத்திச் சட்டை தைத்து, அக்காவுக்குப் போட்டுவிட்டு, குஞ்சுகள் இருக்கும் அறையில் உட்கார வைத்தாள். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு, மூன்று மணிக்கொரு முறை திருப்பி வைத்தாள். திருப்பாவிட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

மிச்ச வேலை மெக்கானிக்குடையது. ஃபிரிட்ஜில் இருக்கும் தெர்மோஸ்டாட் குளிர் குறைந்தால் இயந்திரத்தை ஓட்டும், போதுமென்றால் நிறுத்தும். அவரும் அதையேதான் செய்தார். மனைவியின் மணிக்கட்டில் கட்டிய வெப்பமானியைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். இறங்கியிருந்தால், அவள் பல வருடமாக எழுதிய மனுக்களுக்கு நகராட்சியிலிருந்து வந்த பதில்களில் ஒன்றைக் கண்ணாடியில் பிடிப்பார். "ஆவன செய்யப்படும்" என்றிருந்தால் அரை டிகிரி ஏறும். "தங்கள் மனு இவ்வலுவலகத்தைச் சார்ந்ததல்ல" என்பதற்கு முக்கால் டிகிரி. "மேற்படி இடத்தில் பறவைகள் எதுவும் இல்லையெனக் கள ஆய்வில் தெரியவருகிறது" என்ற கடிதத்தை ஒருமுறைதான் பயன்படுத்தினார், முப்பத்தொன்பதுக்குப் போய்விட்டது, தங்கை ஈரத்துண்டோடு ஓடினாள். இறக்குவதற்கு ஒரே ஒரு படம் இருந்தது. மூன்று மாதம் தேற்றிய நீர்நாய், திறந்த கூண்டிலிருந்து திரும்பிப் பார்க்காமல் ஆற்றுக்கு ஓடும் படம். முதல் நாள் நாற்பத்தொன்றரையை முப்பத்தேழரைக்குக் கொண்டுவந்ததும் அதுதான்.

எட்டாம் நாள் முட்டைகளுக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. அன்று பிற்பகல் நகராட்சி இன்ஜினியர் வந்தார். கூடு கட்டும் காலத்தில் ஊரில் எந்த மரத்தையும் வெட்டக் கூடாது என்ற உத்தரவு கையில் இருந்தது. பன்னிரண்டு வருடமாக அவள் கேட்டது அதுதான். வாசலில் நின்ற தங்கைக்கு முகமே வெளுத்துவிட்டது.

"சார், ரொம்ப சந்தோஷம். தயவுசெஞ்சு ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

"என்னம்மா, நல்ல சேதி கொண்டுவந்தா விரட்டறீங்க? உங்கக்கா முகத்தில ஒரு சிரிப்பைப் பாத்துட்டுப் போறேனே."

"ஐயோ, அது மட்டும் வேணாம் சார்!"

"மாமா, இவரைப் பிடிங்க!" என்று அவள் கத்துவதற்குள் இன்ஜினியர் பின்கட்டுக்குப் போய் உத்தரவைக் கண்ணாடியில் விரித்துப் பிடித்துவிட்டார். கூண்டுக்காரி படித்தாள். தோள் இறங்கியது. முகத்தைச் சுற்றிய வெள்ளைத் துணி கண்ணீரில் நனைந்தது. முப்பத்தேழு, முப்பத்தாறரை, முப்பத்தாறு. சட்டைக்குள் கீச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. மெக்கானிக் இருக்கிற பதில்களையெல்லாம் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தார், அவள் அவற்றைப் பார்த்துச் சிரித்தாள். தங்கை ஓடிப்போய் அக்காவைக் கிள்ளினாள். முப்பத்தைந்தரை.

அப்போதுதான் மெக்கானிக் செய்ய வேண்டியதைச் செய்தார். புதிதாக எந்த இயந்திரம் வந்தாலும் கூடவரும் தாளின் பின்பக்கத்தை முதலில் படிப்பது அவர் வழக்கம். உத்தரவை இன்ஜினியர் கையிலிருந்து பிடுங்கித் திருப்பி, கண்ணாடியில் வைத்து அழுத்தினார். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது: "நடப்புப் பணிகள் நிறைவுற்ற பின் இவ்வுத்தரவு அமலுக்கு வரும்." நடப்புப் பணி என்பது சாலையின் மறுபக்கத்தில் நிற்கும் முப்பத்தொரு மரங்கள். வேலை நாளை காலை. அந்த மரங்களில் நானூறு கூடுகள்.

"அது சும்மா நடைமுறைம்மா" என்றார் இன்ஜினியர்.

கண்ணாடியில் குறுக்காக ஒரு விரிசல் விட்டது. வெப்பமானியில் பாதரசம் அவசரமில்லாமல் ஏறியது, முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தேழரை. தங்கை ஈரத்துண்டோடு நின்றாள், அது தேவைப்படவில்லை. முப்பத்தேழரையிலேயே நின்றது. இதுவரை அவளுடைய கோபம் யாராவது மூட்டினால் எரிகிற அடுப்பாக இருந்தது. அன்றிலிருந்து யாரும் எதையும் கண்ணாடியில் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்துச் சட்டைக்குள் ஒரு முட்டை கீச்சிட்டது, பிறகு இன்னொன்று. நான்கு முட்டைகள் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அந்த நான்குக்காக நகராட்சியை அவள் மன்னிக்கவே இல்லை.

மறுநாள் காலை அவள் சட்டையோடு போய் மறுபக்கத்து முதல் மரத்தின் அடியில் உட்கார்ந்தாள். விதிப்படி வாயைத் திறக்கவில்லை. மேஸ்திரி வந்து, "அம்மா, கொஞ்சம் நகருங்கம்மா, நாங்க கூலிக்கு வந்தவங்க" என்று ஆரம்பித்தார். தங்கை உதட்டில் விரலை வைத்துச் சட்டையைக் காட்டினாள். மேஸ்திரி குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு மெக்கானிக்கின் காதருகே போய், "உள்ள ஏதோ பேசுதே" என்று கிசுகிசுத்தார். இன்ஜினியர் தூரத்திலிருந்து கையை ஆட்டியதால் வேறு வழியில்லாமல் ரம்பத்தை முடுக்கினார்கள். பத்தடிக்குள் வந்ததும் நின்றுவிட்டது. இரண்டாவது ரம்பமும் நின்றது. கிரேன் வண்டியின் ரேடியேட்டர் பொங்கி வழிந்தது. சுற்றுக் காற்றே சூடாக இருந்தால் இன்ஜின் தன் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்று மெக்கானிக் வேலையாட்களைக் கூட்டி வைத்துத் தாழ்ந்த குரலில் விளக்கினார், அவர்களும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். பத்தாம் நாள் பதினொரு மணிக்கு முதல் ஓடு உடைந்தது. சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு குஞ்சுகள். மேஸ்திரி குஞ்சுகளைப் பொதிந்து வைக்கத் தன் தலைப்பாகையை அவிழ்த்துக் கொடுத்தார்.

மூன்று மாதம் அவள் அந்த மரத்தடியை விட்டு எழவில்லை. மேலே நானூறு கூடுகளில் தாய்கள் ஊட்டின, கீழே முகமூடி போட்ட தங்கையும் மெக்கானிக்கும் இடுக்கியால் ஊட்டினார்கள். மின்சாரம் வந்தபோதும் போனபோதும் யாரும் கவனிக்கவில்லை. பறக்கக் கற்ற அன்று இருபத்திரண்டும் அவளைக் கண்டு பயந்து அலறி, அவள் மேலேயே எச்சமிட்டுவிட்டு, மேலே இருந்த கூட்டத்தோடு கலந்தன. எது எவருடையது என்று அதன் பிறகு சொல்ல முடியவில்லை. அவள் எழுந்து வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தூங்கினாள்.

அதற்கு மறுவருடம் நகராட்சி தன் படிவத்தை மாற்றியது. மரம் வெட்ட அனுமதி கேட்கும் தாளில், அடிமரத்தின் சுற்றளவு என்ற கட்டத்துக்கும் வெட்டும் காரணம் என்ற கட்டத்துக்கும் நடுவில் புதிதாக ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்ப எழுத்தர் ஒருவர் வீட்டுக்கு வருவார். செருப்பைக் கழற்றிவிட்டு, முகத்தில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் உள்ளே போவார். கூண்டுக்காரி ஒரு கையால் தீனி கொடுத்துக்கொண்டே வெப்பமானி கட்டிய மறுகையை நீட்டுவாள். அவர் பார்த்து, எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். முப்பத்தேழுக்குக் கீழே இருந்தால் வெட்டலாம் என்பது விதி. அந்தக் கட்டத்துக்காக அவர் வரத் தொடங்கி ஒன்பது வருடமாகிறது, ஊரில் இதுவரை ஒரு மரமும் வெட்டப்படவில்லை.